ஊட்டிக்கு எத்தனை வண்டிகள் போகலாம்?

சித்திரை பிறந்தால் நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "ஊட்டிக்கு இ-பாஸ் கிடைச்சுதா?" கூடவே ஓர் அலுப்பும் வரும். நம் மாநிலத்துக்குள்ளே, நம் காசில், நம் காரில் போவதற்கு எதற்கு அனுமதிச் சீட்டு? கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல நீதிமன்ற உத்தரவை மட்டும் படித்தால் போதாது. சுமார் 200 வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் இன்றைய நிலவரம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்ல இ-பாஸ் கட்டாயம் என்பது 2024 மே 7-ஆம் தேதி தொடங்கியது. அந்த வருடம் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. யார், எந்த வண்டியில், எத்தனை நாள் வருகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் நோக்கம். 2025 ஏப்ரலில் இருந்து கோடை சீசனுக்கு வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும், அரசுப் பேருந்துகளுக்கும், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் வரம்பு இல்லை. சீசன் நாட்களில் தினமும் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரி மலை ஏறுகின்றன என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. 20,000 எங்கே, 6,000 எங்கே! அங்குள்ள வணிகர்கள் அந்த ஏப்ரலில் ஒரு நாள் கடையடைப்பு நடத்தியதில் ஆச்சரியமில்லை.

இனி பழைய கதை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எருமை வளர்த்த தோடர்கள், பானையும் இரும்புக் கருவியும் செய்த கோத்தர்கள், தானியம் விளைவித்த படுகர்கள், தேனெடுத்த குறும்பர்கள் ஒருவருக்கொருவர் பண்டமாற்று செய்து வாழ்ந்த மலை அது. புல்வெளி நடுவே திட்டுத் திட்டாகச் சோலைக்காடுகள். மழை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பஞ்சு போன்ற அமைப்பு. கீழே சமவெளியில் பவானி ஓடுவதற்கு அந்தப் பஞ்சும் ஒரு காரணம்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலை ஏறினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. பிறகு தோடர்களின் மந்து, அதாவது அவர்களின் குடியிருப்பு, இருந்த பக்கம் போய் 1820களின் தொடக்கத்தில் ஒரு கல் வீடு கட்டினார். உதகையின் முதல் ஐரோப்பியக் கட்டடம் அதுதான். ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியை உண்டாக்கியவரும் அவரே. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மலைக்கு வந்ததில் அவருக்குப் பங்குண்டு. நாம் இன்று படகு விடும் ஏரி இயற்கையானதல்ல என்பது பலருக்குத் தெரியாது.

சல்லிவனைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அந்த நிலம் தோடர்களுடையது, எடுத்தால் அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று கம்பெனி அரசிடம் வாதாடியவரும் அவர்தான். கவர்னர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. ஆக, "இந்த மலைக்கு யார் வரலாம், வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்" என்ற வழக்கு 2024-இல் தொடங்கியது அல்ல. முதல் வெள்ளைக்காரன் வீடு கட்டிய பத்து வருடத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது. ஜெயித்தது எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

அதன்பிறகு கூட்டம் ஏறத் தொடங்கியது. முதலில் உடம்பு தேற வந்த சிப்பாய்களும் அதிகாரிகளும். 1830களில் குன்னூர் வழியாக மலைப்பாதை. 1848-இல் தாவரவியல் பூங்காவை அமைக்க மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்தார். 1866-இல் ஊட்டி நகராட்சி ஆயிற்று. 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் கட்டிக்கொண்டு மலை ஏறியது. சென்னையின் வெயிலில் வேலை செய்ய முடியாதாம்! வெயில் குமாஸ்தாவுக்கும் கவர்னருக்கும் ஒன்றுதானே என்று கேட்க அன்று ஆள் இல்லை.

இத்தனை பேருக்கும் அடுப்பெரிக்க விறகு வேண்டும். சோலைக்காடுகள் அடுப்புக்குப் போயின. அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1830களில் சீகை மரம், 1840களில் கற்பூர மரம் (நாம் யூகலிப்டஸ் என்கிறோமே, அதுதான்). புல்வெளி வெறும் தரிசு என்று அவர்கள் நினைத்ததால் அதிலெல்லாம் நட்டார்கள். விறகு கிடைத்தது. ஆனால் பஞ்சு போனது. சீகை தானாகவே பரவி இன்றுவரை புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை வெட்டி அகற்றிப் பழைய புல்லை மீட்க வனத்துறை இப்போது பாடுபடுகிறது. ஊட்டிக்குப் போய் நீலகிரித் தைலம் வாங்கிவரும்போது, அந்த மரம் அங்கே ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வந்தவர்களின் தேவைக்காக மலை தன் தோலை மாற்றிக்கொண்ட முதல் சம்பவம் அது.

அடுத்து ரயில். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ரயில் வந்தது. தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம், அதைப் பிடித்துக்கொண்டு ஏறும் எஞ்சின். 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாரம்பரியம், நீராவி, சினிமாப் பாட்டு என்று எல்லோரும் இதைப் புகழ்வார்கள். கணக்குப் பார்த்தே பழகிய எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த ரயிலில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான் ஏற முடியும். மலை செங்குத்து, எஞ்சின் இழுக்கும் பெட்டிகள் சில. வரம்பை யாரும் சட்டம் போட்டு விதிக்கவில்லை. தண்டவாளமே விதித்தது. நீதிமன்றம் இன்று இணையத்தில் செய்வதை அந்தப் பல் சட்டம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

பேருந்து வந்த காலத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். பேருந்து 50 பேரை ஏற்றிவந்து இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அதற்கு ஊட்டியில் நாள் முழுக்க நிற்க இடம் வேண்டாம். 1970கள், 80களில் தேனிலவுக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் ஊட்டி என்று பெயர் பரவியபோதும், பெரும்பாலோர் போனது ரயிலிலோ பேருந்திலோதான். உங்களில் மூத்தவர்களுக்கு மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் வரிசையில் நின்றது நினைவிருக்கும்.

மாறியது 1990களுக்குப் பிறகு. வங்கிகள் வீட்டுக் கடனுக்கு அடுத்தபடியாக வாகனக் கடனைத் தட்டில் வைத்து நீட்டிய காலம். நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்ததுதான், முன்பு வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கவே மூன்று முறை யோசித்த குடும்பங்கள் காருக்கு விண்ணப்பம் போட்டன. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கார் வந்ததும் மலைக்கு இருந்த இயற்கையான வரம்பு உடைந்தது. 4 பேரை ஏற்றிய கார், பேருந்தில் பாதி இடத்தைச் சாலையில் அடைக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு நாள் முழுக்க எங்கேயாவது நிற்கிறது. ஊட்டியின் சாலைகள் குதிரை வண்டிக்காகப் போட்டவை. அகலப்படுத்தலாம் என்றால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மலையைச் செதுக்கினால் மழையில் சரிகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இந்த மண்ணில்தான் நாம் இன்னும் அகலச் சாலை கேட்கிறோம்.

அதற்கிடையில் மலைவாசிகளின் பிழைப்பும் மாறியது. குன்னூரில் சில வருடம் வேலை பார்த்ததால் இதை எனக்கு நேரடியாகத் தெரியும். அப்போது எங்கள் கிளையின் பெரும்பாலான கணக்குகள் பச்சைத் தேயிலையை நம்பி இருந்தன. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பறித்த தேயிலையைத் தொழிற்சாலையில் போட்டுவிட்டு, பணம் வந்ததும் தவணை கட்டுவார்கள். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சரிந்தது பல வருடம் எழவே இல்லை. ஊட்டி அருகே இருந்த அரசுப் பிலிம் தொழிற்சாலையும் நலிந்து மூடப்பட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கில் 7.62 லட்சமாக இருந்த நீலகிரி மாவட்டம் 2011-இல் 7.35 லட்சமாகக் குறைந்தது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களெல்லாம் வீங்கிக்கொண்டிருந்தபோது இங்கே ஆள் குறைகிறார்கள். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான விருந்தாளிகள் வருகிறார்கள். மிச்சமிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு காட்டேஜ் கட்டினார்கள், டாக்சி வாங்கினார்கள், வர்க்கியும் சாக்லேட்டும் விற்றார்கள். ஏப்ரலும் மேயும் ஒழுங்காகப் போனால் வருடம் தாங்கும். இ-பாஸை எதிர்த்துக் கடையடைத்தவர்கள் மலையின் எதிரிகள் அல்ல என்பதை இதனால்தான் சொல்கிறேன். அவர்களின் வருடக் கணக்கு இரண்டு மாதத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் வரவுப் பக்கம் மட்டுமே எழுதப்பட்டது. பற்றுப் பக்கத்தை யாரும் எழுதவில்லை. எழுதியபோதெல்லாம் ஒவ்வொரு இனமாக, அதுவும் காரியம் கெட்ட பிறகு எழுதினார்கள். வரிசையைப் பாருங்கள்.

கட்டடங்கள் பெருகிய பிறகு 1990களில் மலைப்பகுதிக்கென்று தனிக் கட்டட விதிகள், உயரத்துக்கு வரம்பு, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி. பள்ளத்தாக்கெல்லாம் பிளாஸ்டிக் பையால் நிறைந்த பிறகு, 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கலெக்டராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக்குக்கு எதிராக இயக்கம் நடத்தினார். மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019-இல்தான். ஒரு மலை மாவட்டம் சமவெளிக்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்னால் போனது. பிறகு சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை வந்தது. சாலையோரம் குடிநீர் ஏடிஎம் வைத்தார்கள். நம்மில் பலர் கல்லாறு சோதனைச் சாவடியில் பாட்டிலைப் பறிகொடுத்துவிட்டுப் போலீஸ்காரரிடம் சண்டை போட்டவர்கள். அவர் யானையின் சாணத்தில் பிளாஸ்டிக்கைப் பார்த்தவர். நாம் பார்க்கவில்லை.

யானை என்றதும் மசினகுடி. முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் வழி. "காட்டுக்குள் தங்கலாம்" என்ற விளம்பரத்தோடு அங்கே விடுதிகள் முளைத்தன. 2010-இல் அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-இல் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதியை நெருங்கிய ஆண் யானை மீது எரியும் டயரை எறிந்தார்கள். தலையில் தீயோடு அது ஓடும் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த யானை இறந்துவிட்டது. வழித்தடம் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். வழியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பவரை எழுப்புவது வேறு வேலை.

இன்னொன்று, இது நம் ஊர்க்காரர்களைப் பற்றியது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன 7 பேரின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தபோது இரண்டு பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அதன்பிறகுதான் அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. பிறகு, பிறகு, பிறகு. நீலகிரியின் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இப்படி ஒரு "பிறகு" இருக்கிறது.

ஏரியை மட்டும் விட்டுவிட்டேன். சல்லிவன் வெட்டிய ஏரி இப்போதிருப்பதைவிடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர். மிச்சமிருக்கும் தண்ணீரில் ஊரின் கழிவு கோடப்பமந்து கால்வாய் வழியாக வந்து சேர்ந்தது. பல வருடமாகத் தூர் வாருகிறார்கள், சுத்திகரிக்கிறார்கள். ஊரின் குடிநீர் பார்சன்ஸ் பள்ளத்தாக்கு அணையிலிருந்து வருகிறது. கோடையில் நாம் தங்கும் அறையில் வெந்நீர் 24 மணி நேரமும் வரும். மேலே உள்ள தெருவில் குடத்தோடு நிற்பவருக்குத் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை.

இப்போது இ-பாஸுக்குத் திரும்பலாம். இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் பிளாஸ்டிக், உயரம், வழித்தடம், ஒரு மலைப்பாதை என்று ஒவ்வொரு துண்டைப் பற்றியவை. "இந்த மலை மொத்தமாக எத்தனை பேரைத் தாங்கும்" என்ற கேள்வியை 200 வருடத்தில் யாரும் ஒரு எண்ணாக மாற்ற முயலவில்லை. இ-பாஸ்தான் முதல் முயற்சி. சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் மலையின் தாங்கும் திறனை ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. 6,000 என்பது அதற்கு முந்தைய இடைக்கால எண்தான். அது கூடலாம், குறையலாம். எனக்கு அந்த எண்ணில் குறை உண்டு. சீசனில் மட்டும் அடைத்தால் கூட்டம் மற்ற மாதங்களுக்கு நகரும், மே மாதத்தை நம்பிய சிறு கடைக்காரர் அடிபடுவார், பெரிய ரிசார்ட் தாங்கிக்கொள்ளும். உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்துப் பேசிய பிறகு எண்ணை முடிவு செய்திருந்தால் அந்தக் கடையடைப்பே நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் எண் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"நம் சுதந்திரம் என்ன ஆனது" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் வளாகத்தில் விருந்தினர் கார் எத்தனை உள்ளே வரலாம் என்று பொதுக்குழுவில் நாம்தானே கைதூக்கித் தீர்மானித்தோம்? தண்ணீர் லாரி குறைந்த கோடையில் வீட்டுக்கு இவ்வளவு லிட்டர் என்று பிரித்துக்கொண்டோம். அன்று யாரும் அரசியலமைப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சங்கத்துக்கு எத்தனை பார்க்கிங் கோடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தோடர் மந்துகளுக்கும் படுகர் ஹட்டிகளுக்கும் தங்கள் வாசலில் கோடு போட இத்தனை காலம் கேட்கப்படவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வரம்பு வண்டிகளுக்குத்தான், ஆட்களுக்கு இல்லை. அரசுப் பேருந்தில் எத்தனை பேர் போனாலும் அந்த 6,000-இல் சேராது. ரயிலும் சேராது. அதாவது 1908-இல் தண்டவாளம் சொன்னதையே இன்றைய உத்தரவும் சுற்றிவளைத்துச் சொல்கிறது.

அடுத்த கோடைக்குத் திட்டமிடுபவர்களுக்காக: சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும், திறந்த நேரத்திலேயே தீர்ந்தும் போகும். கிடைக்காவிட்டால் நிலையத்துக்கு அருகிலேயே பேருந்து நிற்கும், பாஸ் தேவையில்லை. கார்தான் என்று முடிவு செய்தால், சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. இறங்கும்போது கன்னேரிமுக்கில் நிறுத்திச் சல்லிவனின் வீட்டைப் பாருங்கள். கூட்டம் இருக்காது.